புத்தகத்தில் 14 கிலோ: செம்பனைக் குலையின் சராசரி எடை குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுபவரின் கூலி டன் கணக்கில் பேசப்படுகிறது. ஆனால் ஒவ்வோர் ஆளும் வெட்டிய குலைகளைத் தனித்தனியாக நிறுப்பது நடைமுறையில் முடியாத காரியம். அதனால் பல தோட்டங்களில் ஒரு குறுக்குவழி உண்டு. வெட்டிய குலைகளைச் சாலையோரத்தில் அடுக்கிவைப்பார்கள். கங்காணி வந்து ஆளுக்கு இத்தனை என்று எண்ணி எழுதுவார். அந்த எண்ணிக்கையை அலுவலகத்தில் கிராணி (எழுத்தர்) அந்தப் பகுதிக்கென்று குறித்திருக்கும் சராசரிக் குலை எடையால் பெருக்குவார். 120 குலை, சராசரி 14 கிலோ என்றால் 1,680 கிலோ. அதற்குத்தான் கூலி. வெட்டுபவரின் உழைப்பு எண்ணிக்கையில் தெரிகிறது. அவருடைய சம்பளமோ அவர் கண்ணில் படாத ஓர் எண்ணில் தொங்குகிறது.

அந்த எண் சரியா என்று எப்படிக் கேட்பது, கேட்டால் வரும் பதிலை எவ்வளவு நம்புவது என்பதுதான் இந்த ஆய்வு. மலேசியாவின் பெஸ்தாரி ஜெயாவில், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவ மாணவர்களுக்குப் புள்ளியியல் சொல்லிக்கொடுப்பதற்காக இதை எழுதினேன். தோட்டமும் ஆட்களும் குலை எடைகளும் கூலி விகிதமும் நானே அமைத்தவை. கூலி கணக்கிடும் முறையும், குலையின் குணமும், புள்ளியியலும் மட்டும் உள்ளது உள்ளபடி இருக்கின்றன. இந்த ஊரைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. பத்தாங் பெர்ஜுந்தை என்று பெரியவர்கள் இன்னமும் சொல்லும் இதே வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோக்கோனியே மலாயாவின் முதல் வணிகச் செம்பனையை நட்டார். நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் குலை எண்ணும் ஊரில் குலைக் கணக்கையே பாடமாக வைக்காமல், யாரோ ஒரு தொழிற்சாலையில் செய்த மின்விளக்கின் ஆயுளைப் பற்றிக் கணக்குப் போடச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை.

வழக்கு

பகுதியின் பரப்பு 40 ஹெக்டர், மரங்களுக்கு வயது எட்டு. புத்தகத்தில் உள்ள சராசரி 14 கிலோ. ஒன்றரை ஆண்டுக்கு முன் எழுதியது. குலைகள் அதைவிடக் கனமாகிவிட்டன என்பது வெட்டுபவர்களின் குறை. 14 என்பது ஆலையின் எடைமேடையிலிருந்து வந்த எண், யாரும் கற்பனை செய்து எழுதவில்லை என்பது நிர்வாகியின் பதில்.

இரண்டு பேரும் உண்மையே பேசியிருக்கலாம் என்பதுதான் இதில் சுவையான இடம். செம்பனை காய்க்கத் தொடங்கிய புதிதில் குலை நாலைந்து கிலோதான் இருக்கும். மரம் முதிர முதிரக் குலையின் எண்ணிக்கை குறைந்து எடை கூடும். நன்கு வளர்ந்த மரத்தில் இருபது கிலோவைத் தாண்டும் குலைகள் சாதாரணம். வளர்கிற மரத்துக்கு ஒன்றரை ஆண்டு பழைய சராசரியை வைத்திருந்தால், எழுதிய அன்று சரியாக இருந்த எண் இன்று குறைவாகிவிட்டிருக்கும். ஏமாற்றுக்காரர் ஒருவரைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. வேறு காரணங்களாலும் இந்தச் சராசரி நகரும். 1981-இல் கேமரூனிலிருந்து ஒரு சிறு வண்டைக் கொண்டுவந்து மலேசியத் தோட்டங்களில் விட்டார்கள். அதுவரை ஆட்களை வைத்துக் கையால் மகரந்தம் தூவிய வேலையை அந்த வண்டு ஏற்றுக்கொண்டது. பழம் பிடிப்பது கூடிக் குலையும் கனத்தது. அந்த ஆண்டில் பழைய சராசரியையே பிடித்துக்கொண்டிருந்த புத்தகங்களை நினைத்துப் பாருங்கள்.

எடைமேடை இருக்கும்போது கூறு எடுத்து, அதாவது சில குலைகளை மட்டும் மாதிரியாக எடுத்துச் சோதிப்பானேன் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. லோரியில் ஒரே பகுதியின் குலைகள் மட்டும் ஏறி, எத்தனை குலை என்றும் தெரிந்தால், மொத்த எடையை எண்ணிக்கையால் வகுத்தால் போதும், சோதனையே தேவையில்லை. நம் தோட்டத்தில் ஒரே லோரி மூன்று பகுதிகளின் குலைகளை ஏற்றுகிறது. மூன்றும் வெவ்வேறு வயது. அத்துடன் மூட்டை கட்டிய உதிரிப்பழமும் அதே லோரியில் போகிறது. அதற்குக் கூலி தனி. எடைமேடையில் வருவது இவை எல்லாம் கலந்த எடை. அதிலிருந்து இந்த 40 ஹெக்டரை மட்டும் பிரித்தெடுக்க வழியில்லை.

பன்னிரண்டு குலைகள்

முதலில் வெட்டுபவர்களே ஒரு தராசைக் கொண்டுவந்து பன்னிரண்டு குலைகளை நிறுத்தார்கள். சராசரி 17.5 கிலோ. எண்ணைக் காகிதத்தில் எழுதி அலுவலகத்தில் கொடுத்தார்கள்.

அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த கிராணி இளம்பெண். ஆறாம் படிவத்தில் கணிதம் படித்தவர். காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டுக் கங்காணியிடம் கேட்டார்: "ஐயா, இந்தப் பன்னிரண்டையும் யார் எடுத்துக் கொடுத்தது?"

"நாங்கள்தான் அம்மா. குவியலில் இருந்து எடுத்தோம்."

"எப்படிப்பட்டதை எடுத்தீர்கள்?"

கங்காணி சிரித்துவிட்டார். "நல்ல குலையாகப் பார்த்துத்தான்."

இந்த 17.5-ஐ வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. பெரிய குலையைத்தான் கை தேடும். யாரும் வேண்டுமென்று செய்யாவிட்டாலும் தேடும். நிர்வாகியின் ஆள் எடுத்திருந்தால் கை சின்னதைத் தேடியிருக்கும். இப்படி எடுத்த பன்னிரண்டை ஆயிரத்து இருநூறாகப் பெருக்கினாலும் கோணல் கோணலாகவே இருக்கும். கூறு பெரிதாகிறதே என்று தவறான சராசரி திருந்துவதில்லை. மாணவர்கள் சூத்திரத்தை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். அந்தக் குலை எப்படி உங்கள் கைக்கு வந்தது என்ற கேள்வியைத்தான் தேர்வுத்தாளில் யாரும் கேட்பதில்லை.

நிறுப்பதற்கு முன் பேசி முடித்தவை

கிராணி இரு தரப்பையும் ஒரே மேசையில் உட்காரவைத்தார். தராசைத் தொடுவதற்கு முன் மூன்று விஷயங்களை எழுதிக் கையெழுத்து வாங்கினார்.

எந்தக் கூற்றைச் சோதிக்கிறோம் என்பது முதலாவது. சூனியக் கருதுகோள்: இந்தப் பகுதிக் குலைகளின் சராசரி எடை 14 கிலோ. மாற்றுக் கருதுகோள்: அது 14 கிலோவைவிட அதிகம். வெட்டுபவர்களின் குறை ஒரு திசையில் மட்டும் போவதால் சோதனையும் ஒருமுனைச் சோதனை. கருதுகோள்கள் இரண்டுமே முழுமைத்தொகுதியை, அதாவது இந்தப் பகுதியின் எல்லாக் குலைகளையும் பற்றியவை என்பதைக் கவனிக்க வேண்டும். நாம் நிறுக்கப்போகும் சில குலைகளைப் பற்றியவை அல்ல. அந்தச் சில குலைகளின் சராசரி எப்படியும் கண்ணுக்குத் தெரியத்தான் போகிறது. அதைப் பற்றிக் கருதுகோள் தேவையில்லை.

இரண்டாவது, மிகைகாண் நிலை 5 விழுக்காடு. அதாவது, உண்மைச் சராசரி 14-ஆகவே இருக்கும்போது, தற்செயலாகக் கனமான குலைகள் கையில் சிக்கி, '14 தவறு' என்று தப்பாகத் தீர்ப்புச் சொல்லும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துக்கு மேல் போகக் கூடாது. இந்த ஐந்து வானத்திலிருந்து விழுந்ததல்ல. 1925-இல் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் அதை வசதியான எல்லை என்று எழுதினார். உலகம் அதையே பிடித்துக்கொண்டது.

குலைகளைத் தேர்ந்தெடுக்கும் முறை மூன்றாவது. ஒரு சுற்று வெட்டு முடிய இந்தப் பகுதியில் ஏறத்தாழ 2,100 குலைகள் விழும். 30 குலை வேண்டும் என்றால் எழுபதுக்கு ஒன்று. ஒன்றிலிருந்து எழுபதுக்குள் ஓர் எண்ணைச் சீட்டுப் போட்டு எடுத்து, அந்த எண்ணாவது குலையில் தொடங்கி, பிறகு எழுபது எழுபதாகத் தாண்டிப் போக வேண்டும். கங்காணி எப்படியும் எண்ணத்தானே போகிறார். அவர் வாய் எண்ணிக்கொண்டே போக, குறித்த எண் வந்ததும் எந்தக் குலை இருக்கிறதோ அதுதான் தராசுக்கு; அழுகலாக இருந்தாலும் அதுதான், குண்டாக இருந்தாலும் அதுதான்.

இந்த முறையில் இன்னொரு நன்மை. சாலையோரக் குவியல் ஒன்றில் இருக்கும் முப்பது குலையையும் மொத்தமாக நிறுத்திருந்தால் வேலை அரைமணி நேரத்தில் முடிந்திருக்கும். ஆனால் பக்கத்துப் பக்கத்து மரங்கள் ஒரே மண்ணையும் ஒரே நீரையும் ஒரே உரத்தையும் பகிர்ந்துகொள்கின்றன. அவற்றின் குலைகளும் ஒன்றைப் போல் ஒன்று இருக்கும். அப்படி எடுத்த முப்பது, பெயருக்குத்தான் முப்பது. எழுபது எழுபதாகத் தாண்டும்போது பள்ளத்து மரம், மேட்டு மரம், திங்கட்கிழமை வெட்டியது, வெள்ளிக்கிழமை வெட்டியது எல்லாம் கூறுக்குள் வந்துவிடுகின்றன.

இவற்றை முன்கூட்டியே எழுதிவைப்பது வெறும் சடங்கு என்று சிலர் நினைப்பதுண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. விடை தெரிந்த பிறகு கோட்டை எங்கே போடுவது என்று பேசத் தொடங்கினால், கோடு யாருக்கு வேண்டுமோ அவர் காலடியில்தான் போய் நிற்கும்.

முதல் சுற்று

தராசை மரச்சட்டத்தில் தொங்கவிட்டார்கள். எடை தெரிந்த இரும்புக் கட்டியை முதலில் மாட்டி, முள் சரியாக நிற்கிறதா என்று இரு தரப்பும் பார்த்துக்கொண்டன. ஆலை நீண்ட காம்பை ஏற்காது என்பதால் குலையின் காம்பை வழக்கம்போல் குட்டையாக நறுக்கிய பிறகே நிறுப்பது என்று முடிவானது. கங்காணி எண்ண, ஒருவர் குலையைக் கொக்கியில் மாட்ட, கிராணி அருகிலுள்ள முழுக் கிலோவாகப் படித்து எழுத, நிர்வாகி அனுப்பிய ஆள் எட்டிப் பார்த்துத் தலையாட்டினார். கிடைத்த முப்பது எடைகளைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால்:

10, 10, 10, 11, 11, 12, 12, 13, 13, 13, 14, 14, 14, 14, 15, 15, 16, 16, 16, 16, 16, 16, 17, 17, 18, 18, 19, 19, 20, 22

கூட்டினால் 447. சராசரி 14.9 கிலோ. புத்தகத்து எண்ணைவிட 0.9 கூடுதல்.

இங்கேயே நிறுத்திவிட்டு 'பார்த்தீர்களா' என்று சொல்லத் தோன்றும். வெட்டுபவர்கள் சொல்லவும் செய்தார்கள். ஆனால் எடைகளை இன்னொரு முறை பாருங்கள்: பத்துக் கிலோவும் இருக்கிறது, இருபத்திரண்டு கிலோவும் இருக்கிறது. இவ்வளவு சிதறிக் கிடக்கும் குலைகளில் வேறு முப்பதை எடுத்திருந்தால் சராசரி வேறாக வந்திருக்கும். எவ்வளவு வேறாக என்பதுதான் கேள்வி.

ஒவ்வோர் எடையும் சராசரியிலிருந்து விலகும் அளவை வர்க்கித்துக் கூட்டினால் 278.7. அதை 29-ஆல் வகுத்தால் 9.61, வர்க்கமூலம் 3.1. இது திட்டவிலக்கம், கிலோவில். முப்பதை விட்டு இருபத்தொன்பதால் வகுப்பதற்குக் காரணம், சராசரியை இதே எடைகளிலிருந்து கண்டுபிடித்ததில் ஒரு சுதந்திரம் செலவாகிவிட்டது; 29 எடைகளும் சராசரியும் தெரிந்தால் முப்பதாவது எடை தானாகவே தெரிந்துவிடும். தனிக் குலை ஒன்று 3.1 அளவுக்குச் சிதறும் என்றால், முப்பது குலைகளின் சராசரி அவ்வளவு சிதறாது: 3.1-ஐ முப்பதின் வர்க்கமூலமான 5.477-ஆல் வகுத்தால் 0.566. இதுவே திட்டப்பிழை.

இனி, கிடைத்த வித்தியாசம் இந்தப் பிழையைப் போல் எத்தனை மடங்கு? 0.9-ஐ 0.566-ஆல் வகுத்தால் 1.59.

இந்த 1.59-ஐ எதனோடு ஒப்பிடுவது என்பதை நமக்குச் சொல்லிக்கொடுத்தவர் மதுபானத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தவர். டப்ளினில் கின்னஸ் நிறுவனத்தில் இருந்த வில்லியம் சீலி கோசெட்டுக்கு வாற்கோதுமையும் ஹாப்ஸ் பூவும்தான் கவலை. அவருக்குக் கிடைத்தவை எப்போதும் சிறிய கூறுகள். பெரிய கூறுக்கு ஏற்ற, மணி வடிவ இயல்நிலைப் பரவலைச் சிறிய கூறுக்குப் பயன்படுத்தினால், திட்டவிலக்கத்தையும் அதே சிறு கூறிலிருந்து மதிப்பிட்டதால் வரும் நிச்சயமின்மை கணக்கில் சேராமல் போய்விடும் என்பதைக் கண்டார். 1908-இல் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் அதற்கான தீர்வை வெளியிட்டார். இன்றைக்கு டி சோதனை என்று நாம் போடுவது அதிலிருந்து வளர்ந்ததுதான். வயலின் கவலையிலிருந்து பிறந்த கணக்கைத் தோட்டத்துக்கே திருப்பிக் கொண்டுவருவதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

டி அட்டவணையில் 29-க்கு நேராக, ஒருமுனை 5 விழுக்காட்டுக்குரிய எல்லை 1.699. நமக்குக் கிடைத்தது 1.59. எல்லையைத் தொடவில்லை. பி மதிப்பு சுமார் 0.06. அதாவது, உண்மைச் சராசரி 14-ஆக இருந்தாலும், இப்படி முப்பது குலை எடுக்கும்போது 14.9 அல்லது அதற்கு மேல் கிடைக்க நூற்றில் ஆறு வாய்ப்பு உண்டு. '14 சரியாக இருக்க நூற்றில் ஆறு வாய்ப்பு' என்று இதைப் படிப்பது தவறு; நன்றாகப் படித்தவர்களும் விழும் பள்ளம் இது. பி மதிப்பு 14-ஐ உண்மை என்று ஏற்றுக்கொண்டுதான் கணக்கையே தொடங்குகிறது.

சூனியக் கருதுகோளை மறுக்கப் போதிய ஆதாரம் இல்லை. இதுதான் முடிவு.

ஐந்தும் நாற்பத்தேழும்

நிர்வாகி நிம்மதி அடைந்தார். "ஆக, 14 சரிதான் என்று நிரூபணமாகிவிட்டது" என்றார்.

ஆகவில்லை. இந்த ஆய்வை எழுதியதே இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான். அந்த முப்பது குலைகளிலிருந்து 95 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளியை, அதாவது இந்தத் தரவோடு பொருந்திப்போகும் சராசரிகளின் வரம்பைக் கணக்கிட்டால் 13.7-இலிருந்து 16.1 வரை வருகிறது. அதற்குள் 14 இருக்கிறது என்பது உண்மை. 15-உம் இருக்கிறது, 16-உம் இருக்கிறது. 14-ஐ மறுக்க முடியாத இதே தரவு 15-ஐயும் மறுக்காது. அப்படியிருக்க, 14 மட்டும் வென்றதாக எப்படிச் சொல்வது? அது புத்தகத்தில் ஏற்கெனவே எழுதியிருந்தது என்ற ஒரே காரணத்தால் சூனியக் கருதுகோளின் நாற்காலியில் உட்கார்ந்தது. நாற்காலியில் இருப்பவரை எழுப்ப ஆதாரம் வேண்டும். உட்கார்ந்தே இருப்பதற்கு ஆதாரம் வேண்டியதில்லை.

இதை இன்னும் கூர்மையாகக் காட்டலாம். உண்மைச் சராசரி 15 கிலோ என்று வைத்துக்கொள்வோம். வெட்டுபவர்களின் குறை முழுக்க நியாயம் என்று பொருள். நம் சோதனை 14-ஐ மறுக்க வேண்டுமானால் கூறின் சராசரி 14-உடன் 1.699 மடங்கு 0.566-ஐக் கூட்டிய அளவைத் தாண்ட வேண்டும், அதாவது 14.96 கிலோ. உண்மை 15 என்றால் முப்பது குலைகளின் சராசரி 14.96-க்கு மேலே விழவும் கீழே விழவும் ஏறக்குறையச் சம வாய்ப்பு. சரியாகக் கணக்கிட்டால், உண்மையான குறையை இந்தச் சோதனை கண்டுகொள்ளாமல் விட நூற்றில் சுமார் 47 வாய்ப்பு.

புள்ளியியலாளர்கள் ஜெர்சி நெய்மனும் ஈகோன் பியர்சனும் 1930-களில் முதல் வகைப் பிழை, இரண்டாம் வகைப் பிழை என்று பிரித்துவைத்தது இதைத்தான். முதல் வகை: 14 சரியாக இருக்கும்போது அதைத் தவறு என்பது. நட்டம் தோட்டத்துக்கு. அதற்கு நாம் ஐந்து விழுக்காடு என்று வேலி போட்டோம். இரண்டாம் வகை: குலை உண்மையிலேயே கனத்திருக்கும்போது 14-ஐ விட்டுவைப்பது. நட்டம் வெட்டுபவருக்கு. அதற்கு யாரும் வேலி போடவில்லை; அது தானாக 47 விழுக்காட்டில் போய் நின்றது. மேசையில் இரு தரப்பும் கையெழுத்திட்ட நியாயமான சோதனைதான். ஆனால் ஒரு தரப்பின் தலைக்கு மேல் ஐந்து, இன்னொரு தரப்பின் தலைக்கு மேல் நாற்பத்தேழு.

பாடப்புத்தகங்கள் மிகைகாண் நிலையை வினாவிலேயே கொடுத்துவிடுகின்றன. உண்மையான வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பான சோதனையின் திறனைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. கூறின் அளவு என்பது ஏதோ வசதிக்கேற்ற எண் என்று மாணவர் நினைத்துக்கொள்கிறார். கூறின் அளவில்தான் யாருடைய நட்டத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பது ஒளிந்திருக்கிறது.

இதைக் கேட்ட வெட்டுபவர்களில் ஒருவர் சொன்ன தீர்வு: இன்னும் பத்துக் குலை நிறுப்போம், எல்லையைத் தாண்டவில்லை என்றால் இன்னும் பத்து. கேட்க நியாயமாகத் தோன்றும் இந்த யோசனையைக் கிராணி ஏற்கவில்லை, ஏற்காதது சரி. எல்லையைத் தாண்டும்வரை நிறுத்துக்கொண்டே போய், தாண்டிய இடத்தில் நின்றுவிட்டால், 14 உண்மையாக இருந்தாலும் என்றாவது ஒரு நாள் தாண்டிவிடும். ஐந்து விழுக்காடு என்று போட்ட வேலி அப்போது ஐந்தாக இருக்காது. மிகைகாண் நிலையைப் பத்து விழுக்காடாக இப்போது மாற்றிக்கொள்ளலாமே என்ற யோசனையும் வந்தது. மாற்றினால் எல்லை 1.311, நம் 1.59 தாண்டிவிடும். விடையைப் பார்த்துவிட்டு மாற்றுவது என்பதால் அதுவும் தள்ளுபடி.

இரண்டாம் சுற்று

செய்ய வேண்டியது, இரு தரப்பு நட்டத்தையும் முன்னால் வைத்துக்கொண்டு, அடுத்த வெட்டுச் சுற்றில் புதிய கூறு ஒன்றை எடுப்பது. பழைய முப்பதைச் சோதனையில் சேர்க்கக் கூடாது. ஆனால் அது வீணாகவும் போகவில்லை: குலைகள் எவ்வளவு சிதறும் என்று அதிலிருந்து தெரிந்துவிட்டதே.

ஒரு கிலோ வித்தியாசம் இருந்தால் அதை நூற்றில் எண்பது முறையாவது கண்டுபிடிக்க வேண்டும் என்று மேசையில் முடிவானது. இயல்நிலைப் பரவலின்படி ஐந்து விழுக்காட்டுக்குரிய 1.645-ஐயும் எண்பது விழுக்காட்டுக்குரிய 0.842-ஐயும் கூட்டி வர்க்கித்தால் 6.185. அதைச் சிதறலின் வர்க்கமான 9.61-ஆல் பெருக்கி, கண்டுபிடிக்க விரும்பும் ஒரு கிலோவின் வர்க்கத்தால் வகுத்தால் 59.4. குறைந்தது அறுபது குலை. சிறிது இடம் விட்டு 64 என்று வைத்தார்கள். முப்பத்துமூன்றுக்கு ஒன்று.

இந்த முறை 64 குலைகளின் மொத்த எடை 950 கிலோ, சராசரி 14.84. திட்டவிலக்கம் 3.12, திட்டப்பிழை 0.39. வித்தியாசம் 0.84-ஐ அதால் வகுத்தால் 2.15. எல்லை 1.669. தாண்டிவிட்டது, பி மதிப்பு 0.02-க்குச் சற்றுக் கீழே.

முதல் சுற்றைவிட இங்கே சராசரி ஒரு துளி குறைவு என்பதைக் கவனித்தீர்களா? 14.9 இருந்தபோது ஆதாரம் போதவில்லை, 14.84 வந்தபோது போதுமானதாகிவிட்டது. குலை மாறவில்லை. கூறு பெரிதானதில் பிழை சுருங்கியது.

எவ்வளவு என்ற கேள்வி

14 இல்லை என்பதோடு சோதனையின் வேலை தீர்ந்துவிட்டது. கூலிக்கு அது போதாது. புத்தகத்தில் ஓர் எண்ணை எழுத வேண்டும். இரண்டாம் கூறின் 95 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளி 14.06-இலிருந்து 15.62 வரை. நிர்வாகி இடைவெளியின் அடிப்பக்கத்தைக் காட்டி, 14.1 என்று எழுதலாமே என்றார். அதுவும் இடைவெளிக்குள் இருப்பதுதானே என்பது அவர் வாதம். அப்படியென்றால் 15.6-உம் உள்ளேதான் இருக்கிறது. இடைவெளியின் ஓரத்தில் நின்று பேரம் பேசினால் இரு ஓரத்துக்கும் ஒரே நியாயம்தான். நடுவில் இருக்கும் 14.84-தான் தரவு கைகாட்டும் எண். மதிப்பீட்டுக்கு மட்டும் இரண்டு சுற்றையும் சேர்த்துக்கொள்வதில் தவறில்லை. சேர்த்தால் 94 குலைகளுக்கு 1,397 கிலோ, சராசரி 14.86. எப்படிப் பார்த்தாலும் 14.8-க்குக் கீழே எழுத வழியில்லை.

பணமாக மாற்றுவோம். நாளைக்கு 120 குலை வெட்டுபவருக்கு ஒரு குலைக்கு 0.84 கிலோ என்றால் நாளொன்றுக்கு 100 கிலோ புத்தகத்தில் ஏறவில்லை. டன்னுக்கு 40 வெள்ளி (ரிங்கிட்) என்று இந்த நிகழ்வுக்காக வைத்துக்கொண்டால் நாளுக்கு நான்கு வெள்ளி. 25 நாள் வேலைக்கு நூறு வெள்ளி. மலேசியாவில் 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாக இருந்தது. அதன் பக்கத்தில் நூறு வெள்ளியை வைத்துப் பார்த்தால் இது வெறும் பதின்மப் புள்ளித் தகராறு இல்லை என்பது விளங்கும். வித்தியாசம் 0.05 கிலோவாக இருந்து, பல்லாயிரக்கணக்கான குலைகளை நிறுத்து அதைக் கண்டுபிடித்திருந்தால், அட்டவணை அதையும் எல்லை தாண்டியது என்றே சொல்லியிருக்கும். ஆனால் மாதத்துக்கு ஆறு வெள்ளிக்காக யாரும் மேசை போட்டு உட்கார மாட்டார்கள்.

சோதனையின் கண்ணுக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். தராசு ஒவ்வொரு குலைக்கும் அரைக் கிலோ கூடுதலாகக் காட்டியிருந்தால் உண்மைச் சராசரி 14.34, மேலே போட்ட கணக்கு அதை ஒருபோதும் சொல்லியிருக்காது. திட்டப்பிழை தற்செயலான சிதறலை மட்டுமே அளக்கிறது. ஒரே பக்கமாகச் சாயும் தராசை ஆயிரம் குலை நிறுத்தாலும் அது கண்டுபிடிக்காது. அந்த இரும்புக் கட்டியை ஒவ்வொரு நாள் காலையிலும் மாட்டிப் பார்த்தது அதனால்தான். குலை எடைகள் இயல்நிலைப் பரவலில் கச்சிதமாக உட்காராதே என்று ஒரு மாணவர் கேட்டார். 64 குலைகளின் சராசரிக்கு அது பெரிய தடையில்லை; கூறு பெரிதாகப் பெரிதாக அதன் சராசரி இயல்நிலைப் பரவலை நெருங்கும் என்னும் மையஎல்லைத் தேற்றம் அந்த அளவுக்குக் கைகொடுக்கும். இந்த ஆய்வில் நான் கவலைப்படும் இடங்கள் தராசும், குலை தராசுக்கு வந்த வழியும்தான்.

பருவமும் ஒரு காரணி. செம்பனையில் விளைச்சல் மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும். இரண்டே சுற்றுகளின் சராசரியை ஆண்டு முழுவதற்கும் உரியது என்று எடுத்துக்கொள்ள முடியாது. எனவே 14.8 என்று எழுதிய கையோடு, ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதே முறையில் 64 குலைகளை நிறுத்து எண்ணைத் திருத்துவது என்றும் எழுதினார்கள். பழைய மாதங்களுக்கான பாக்கியைப் பற்றிச் சோதனையால் எதுவும் சொல்ல முடியாது. எட்டு வயது மரம் ஏழரை வயதில் எத்தனை கிலோ காய்த்தது என்பதை இன்று நிறுத்துத் தெரிந்துகொள்ள இயலாது. அது பேச்சுவார்த்தைக்குரிய விஷயம்.

அடுத்திருக்கும் பகுதியில் மரங்களுக்கு வயது இருபதைத் தாண்டிவிட்டது, மறுநடவு நெருங்குகிறது. அங்கே புத்தகத்து எண் கூடுதலாக இருக்கலாம் என்று நிர்வாகி நினைக்கிறார், குறைவாக இருக்கலாம் என்று வெட்டுபவர்கள் நினைக்கிறார்கள். இரண்டு திசையும் திறந்திருப்பதால் அங்கே இருமுனைச் சோதனைதான் பொருந்தும். அதே 64 குலைகளுக்கு எல்லை 1.669-லிருந்து 1.998-க்கு ஏறும், அதே திறன் வேண்டும் என்றால் இன்னும் அதிகக் குலைகளை நிறுக்க வேண்டியிருக்கும். எண் குறைவாக வந்தால் கூலி குறையும் என்பதற்கும் வெட்டுபவர்கள் முன்கூட்டியே கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் காகிதம் இன்னும் மேசையில்தான் இருக்கிறது.